அம்மாவுக்கு இல்லாதது

டெக்சாஸில், இர்விங்கில் இருக்கும் நிவேதா போன மாதம் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற அதே தொழிலில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் பெண்.

“ஆன்ட்டி, எங்க கிளினிக்ல இப்ப பேஷண்டுக்கு ஒரு லிங்க் அனுப்பிடறோம். சாட்பாட்டே ஃபேமிலி ஹிஸ்டரி மொத்தத்தையும் கேட்டு முடிச்சிடுது. ஸ்பானிஷ்லயும் பேசுது. நீங்கல்லாம் ஒவ்வொருத்தர் கூடவும் அவ்வளவு நேரம் உக்காந்து அப்படி என்னதான் கேட்டீங்க?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த லிங்க்கை எனக்கும் அனுப்பச் சொன்னேன். சமையலறை மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நானே நோயாளியாகிப் பதில் சொல்லிப் பார்த்தேன். முதல் கேள்வி: உங்கள் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா? கீழே மூன்று பொத்தான்கள். ஆம், இல்லை, தெரியாது. மரியாதையான கேள்விதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்ததும் அராசெலியின் ஞாபகம் வந்து, அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

நிவேதாவுக்கு போனில் பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். என் சொந்தக்காரர்களுக்கே அது கடைசிவரை விளங்கவில்லை. நான் ஜெனடிக் கவுன்சிலர். உடுமலைப்பேட்டையில் கவுன்சிலர் என்றால் சாக்கடை அடைத்துக்கொண்டால் போய்ச் சத்தம் போட வேண்டிய ஆள். “எந்த வார்டுல நின்னு ஜெயிச்சே கண்ணு?” என்று என் மாமா நிஜமாகவே கேட்டார். சென்னையில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் காலேஜ். ஓட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். நான் செய்தது இதுதான்: சில குடும்பங்களில் ஒரு மரபணுவில் கோளாறு இறங்கி வரும். அது இருக்கும் பெண்களுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வர வாய்ப்பு மிக அதிகம், அதுவும் இளம் வயதிலேயே. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முன்பே கண்டுபிடித்துவிட்டால் உயிரைக் காப்பாற்றிவிடலாம். கண்டுபிடிப்பதற்கு ரத்தம் வேண்டும். அதற்கு முன்னால் குடும்பக் கதை வேண்டும். கதை கேட்பதுதான் என் உத்தியோகம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோயம்புத்தூரில் விலங்கியல், கல்யாணம், சான் ஹோசே, வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வீட்டுச் சுவரைப் பார்த்த வருடங்கள், மகள் டேகேர் போனதும் மறுபடி கல்லூரி, தேர்வு. பிறகு ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவமனையில் வேலை. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் அதற்குத் தெற்கேயும் வந்த குடும்பத்துப் பெண்கள். வந்தவர்கள் என்று சொல்வதே தப்பு. வர வேண்டியவர்கள்.

ஏன் வரவில்லை என்பது எனக்கு முதலில் பிடிபடவில்லை. டாக்டர் சீட்டு எழுதுகிறார், நாங்கள் கடிதம் அனுப்புகிறோம், போன் செய்கிறோம், நாற்காலி காலியாகவே கிடக்கிறது. மரிபெல் வந்த பிறகுதான் வெளிச்சம் வந்தது. மரிபெல் எங்கள் மருத்துவமனைக்கும் அந்தத் தெருக்களுக்கும் நடுவே போய்வருவதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள். வாய் சும்மா இருக்காது. எங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கவுன்சிலிங்குக்கு வான்னு எழுதியிருக்கீங்களே, ஸ்பானிஷ்ல அது என்ன மாதிரி கேக்குது தெரியுமா? புருஷன் அடிச்சா, மனசு சரியில்லன்னா போற இடம். போன வாரம் ஒரு அம்மா என்கிட்ட சொல்றா, என் மூளை நல்லாத்தான் இருக்கு, பயமெல்லாம் மாருலதான்னு.”

உலகத்தில் எந்த மொழியிலும் இந்தப் பாழாய்ப்போன சொல் எனக்கு உதவவில்லை. மரிபெல் சொல்லை மாற்றினாள். ‘குடும்பத்தில் வரும் கேன்சர் பற்றிப் பேச வாங்க’ என்று ஆனது. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டால் நம்பர் தெரியாமல் வரும், யாரும் எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்களும் டிஎன்ஏ என்ற சொல்லைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லின் பின்னால் குடிவரவுத் துறை நின்றுகொண்டிருந்தது. மரிபெல் தன் சொந்த போனிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்பானிஷ் பூசை முடிந்ததும் சர்ச் ஹாலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தோம். என்னையும் ஸ்பானிஷ் படிக்க வைத்தாள். என் ஸ்பானிஷிலும் கொங்குச் சாயல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் பேசும்போது கேள்வியும் ஒரு வேண்டுதல் மாதிரி இழுக்கிறது என்றாள்.

எங்கள் தலைவி டாக்டர் ஹால்வர்சன். மினசோட்டாக்காரி, நெடுநெடுவென்று உயரம், ஒரு நாளைக்குப் பேசும் வார்த்தைகளை எண்ணிவிடலாம் போலிருக்கும். நோயாளி தன் வாயால் சொல்லும்வரை கேன்சர் என்ற சொல்லை அவர் உச்சரிக்க மாட்டார். டிஷ்யூப் பெட்டியை மேஜை நடுவில் வைக்க விடமாட்டார். “அதைப் பார்த்தவுடனே அழணும்னு ஆயிடும்” என்பார். கைக்கு எட்டும் தூரத்தில், பக்கத்து நாற்காலியில் இருக்கும். குடும்ப மரத்தைக் கம்ப்யூட்டரில் வரையக் கூடாது, நோயாளி பார்க்கும்படி பென்சிலால் வரைய வேண்டும். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். ரிசல்ட் சொல்லும் நாளில் முதல் வாக்கியமே ரிசல்ட்டாக இருக்க வேண்டும். வானிலை, டிராஃபிக், பார்க்கிங் கிடைத்ததா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தால் பிறகு கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிடுவார். காய்ச்சுவது என்றால் சத்தம் போடுவதில்லை. கதவருகே நின்றுகொண்டு இரண்டே கேள்வி கேட்பார். உனக்கு என்ன தெரியும்? யார் சொன்னது?

இந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்தே நான் ஒழுங்காக வேலை கற்றேன்.

ரொசாரியோவை நான் சந்தித்தபோது அவள் கீமோ நாற்காலியில் இருந்தாள். நாற்பதைத் தொடாத வயது. நோய் முற்றிய பிறகுதான் வந்திருந்தாள். அவளுக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. இனி அவளுக்கு அதனால் ஆகப்போவது அதிகமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என் அக்கா தெரேசாவக் கூப்பிடுங்க, டொக்டோரா. அந்தக் குழந்தையக் கண்டிப்பாக் கூப்பிடுங்க.”

நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து அலுத்துப்போன காலம் அது. குழந்தை என்று அவள் சொன்னது தெரேசாவின் மகள் அராசெலியை. அக்கா மகளைக் குழந்தை என்று சொல்லாத சித்தி எந்த ஊரில் இருக்கிறாள்? கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ரொசாரியோ அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

தெரேசாவை வரவழைக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. ஹோட்டல் லாண்டரியில் வேலை. லீவு போட்டால் அடுத்த வாரம் வேலை நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். கடைசியில் மரிபெல்தான் சர்ச்சில் பிடித்தாள். தெரேசா ரத்தம் கொடுத்தார். ரிசல்ட் வந்தபோது நான் மேஜையைத் தட்டிக் குதிக்காத குறை. கோளாறு இல்லை. தங்கைக்கு வந்தது அக்காவுக்கு வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கோளாறு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. அம்மாவுக்கு இல்லாதது அம்மா வழியாக மகளுக்கு வராது. ஆகவே தெரேசாவுக்கு இல்லை என்றால் அராசெலிக்குப் பரிசோதனையே தேவையில்லை. ஒரே ரத்தத்தில் இரண்டு பேருக்கு விடுதலை. எங்கள் தொழிலில் இப்படி ஒரு நாள் அபூர்வமாகத்தான் வரும்.

ரிசல்ட் சொல்லும் நாளில் தெரேசா மகளோடு வந்தார். அராசெலிக்கு இருபத்து மூன்று வயது. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளர் வேலை, யூனிஃபார்மோடு வந்திருந்தாள். தெரேசா பேசுவது ஸ்பானிஷ், அவள் பதில் சொல்வது ஆங்கிலம். நம் வீடுகளில் நடப்பது மாதிரியேதான்.

விதிப்படி முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். உங்களுக்கு இல்லை, சென்யோரா. ஆகவே உங்கள் மகளுக்கும் இது வர வழியில்லை.

இந்த வாக்கியத்தைக் கேட்ட தாய்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிலர் என் கையை இழுத்து முத்தமிடுவார்கள். ஒருத்தி என்னைத் தூக்கியே விட்டாள். தெரேசாவின் முகம் சுண்டிப்போயிற்று. நான் எதையோ மாற்றிச் சொல்லிவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்தேன். மறுபடி சொன்னேன், மெதுவாக.

“புரிஞ்சுது. அப்ப அவளுக்குப் பண்ண மாட்டீங்களா?” என்றார்.

“தேவையில்லைங்க. உங்ககிட்ட இருந்தாத்தானே அவளுக்குப் போகும்?”

“ஒருவேளை தாண்டி வந்தா?”

“தாண்டாதுங்க.”

“இருந்தாலும் பண்ணிடுங்க. ஒரு தடவை.” கைப்பையின் வாரை அவர் முறுக்கியதில் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன.

அராசெலி எழுந்துவிட்டாள். “அம்மா, அவங்கதான் சொல்றாங்கல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல, ஐ ஆம் ஃபைன். வா போலாம். எனக்கு ஷிஃப்ட் இருக்கு.” குரலில் எரிச்சல் இருந்தது. நல்ல செய்தியைக் கெட்ட செய்தி மாதிரி வாங்கிக்கொள்ளும் அம்மா மேல் எந்தப் பெண்ணுக்கும் வருகிற எரிச்சல் என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். மேஜை மேல் குடும்ப மரம் கிடந்தது. தெரேசாவின் வட்டத்திலிருந்து அராசெலியின் வட்டத்துக்கு நானே இழுத்த கோடு.

இப்போது என் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பெற்றவளைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தவள். இதில் ரகசியமோ சோகமோ கிடையாது. அக்கா தங்கை இருவரையும் ஒரே வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெரியம்மாவின் பிள்ளைகள் என் அம்மாவைச் சித்தி என்றார்கள், நானும் சித்தி என்றேன். அவர்கள் பெரியம்மாவை அம்மா என்றார்கள், நானும் அம்மா என்றேன். அதை யாரும் திருத்தவில்லை, தேவையும் இருக்கவில்லை. அமெரிக்காவுக்கு வந்த பிறகு, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று இங்கே ஒரு டாக்டர் கேட்க, எனக்குச் சட்டென்று வாயில் வந்த பதில் பெரியம்மாவின் சர்க்கரை. என் கணவர் பக்கத்தில் இருந்து, “ஏம்மா, எந்த அம்மாவைச் சொல்றே?” என்று கேட்டதால் தப்பித்தேன்.

எந்த அம்மா? ஒரு தாய் தன் மகள் தப்பித்துவிட்டாள் என்ற செய்திக்கு எப்போது முகம் வெளுப்பாள்? நான் சொன்ன கணக்குத் தன் மகளுக்குப் பொருந்தாது என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தால். அந்தக் குழந்தையைக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள் என்ற ரொசாரியோவின் பிடி என் மணிக்கட்டில் மறுபடி இறுகியது. அராசெலி ரொசாரியோ பெற்ற பெண்ணாக இருந்தால், கோளாறு அவளுக்கு இருக்கவும் செய்யலாம், இல்லாமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு. அவளைத்தான் நான் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

டாக்டர் ஹால்வர்சனிடம் போனேன். கதவருகே நின்றே கேட்டார்.

“உனக்கு என்ன தெரியும்?”

“அந்தப் பெண் தெரேசா பெற்றவள் இல்லை.”

“யார் சொன்னது?”

“யாரும் சொல்லவில்லை. முகம்தான்.”

“முகம் குடும்பக் கதை ஆகாது” என்றார். பிறகு, அதிசயமாக, உள்ளே வந்து உட்கார்ந்தார். “டெஸ்ட் பண்ணுவது சுலபம். லேபும் குடும்பத்தாருக்கு இன்னும் கொஞ்ச நாள் இலவசமாகச் செய்யும். ஆனால் அது பாசிட்டிவ் என்று வந்தால், வரவே முடியாது என்று சொன்ன நீயே அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வாய்? அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டு வந்து டெஸ்ட் எழுது. பொய் சொல்லக் கூடாது. உன்னுடையது இல்லாத ரகசியத்தையும் சொல்லக் கூடாது.”

இரண்டு கதவையும் அடைத்துவிட்டுப் போ என்கிற மாதிரி இருந்தது. கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்பதால் கோபம் இன்னும் ஏறியது.

வீட்டுக்குப் போகும் வழியில் மரிபெலிடம் சொன்னதும் அவள் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள்.

“இதுல மூக்க நுழைக்காதீங்க. அந்தக் கதை நிஜமாவே இருந்தா, தெரேசா அதை மூடிவைக்க ஒரு ஆயுசே செலவழிச்சிருக்கா. நீங்க கேட்டீங்கன்னு வெளிய தெரிஞ்சா, அவ மட்டுமில்ல, சர்ச்சுல ஒருத்தி கூட நம்ம மேஜைப் பக்கம் வர மாட்டா. எல்லாரு வீட்லயும் ஒரு ரொசாரியோ இருக்கா.”

“அப்ப அந்தப் பொண்ண விட்டுடலாமா?”

அவள் காரைக் கிளப்பினாள். வீடு வரும்வரை ரேடியோவைக்கூடப் போடவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை தெரேசா சர்ச் கிச்சன்ல தமாலே பண்ணுவா. நான் மத்தவங்கள வெளிய கூட்டிட்டுப் போறேன். நீங்க கேக்கணும்னா அவ இல்லேன்னு சொல்ல இடம் விட்டுக் கேளுங்க.”

தமாலே என்பது சோள மாவைச் சோளத்தோகையில் தடவி, உள்ளே இறைச்சி வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. நம் இலை அடைக்கு ஒன்றுவிட்ட உறவு. தெரேசா மாவு தடவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு தோகையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் தடவலைப் பார்த்து, ரொம்ப மெல்லிசு, வெடிச்சிடும் என்றார். அது ஒன்றுதான் அன்று சகஜமாக இருந்த பேச்சு.

நான் கேள்வி கேட்கவில்லை. என் கதையைச் சொன்னேன். பெற்றவளைச் சித்தி என்று கூப்பிட்டதை, டாக்டர் கேட்டபோது பெரியம்மாவின் நோயைச் சொன்னதை. “எங்க ஊர்ல அம்மான்னு கூப்பிடறதும் பெத்ததும் ஒரே ஆளா இருக்கணும்னு இல்ல. ஆனா ரத்தத்துக்கு அது தெரியாதுங்க. அது பெத்தவங்க வழியாத்தான் வரும். என் கணக்குல நான் ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க. வேண்டாம்னா தமாலே பண்ணிட்டுப் போயிடறேன்.”

அவர் கை நிற்கவில்லை. ஒரு தோகை, இன்னொரு தோகை. அடுப்பில் பெரிய பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லிவிடுவார், நான் தோற்றுத் திரும்பப்போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டேன்.

“ரொசாரியோவுக்குப் பதினாறு முடியல” என்றார். “அப்பா அவள வெட்டியிருப்பாரு. எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை இல்லாம இருந்துது. குழந்தையத் தூக்கிட்டு எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டேன். பேப்பர்லயும் என் பேருதான்.” பிறகு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரத்தம் எடுங்க. ஆனா அவகிட்ட சொல்லாதீங்க. ரொசாரியோவே சொல்லல. செத்துப்போனவ எனக்குக் கொடுத்த வாக்கு அது. சொல்லிட்டீங்கன்னா எனக்குப் பொண்ணே இல்ல.”

நான் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் அராசெலி நேராகக் கேட்டால் பொய்யும் சொல்ல முடியாது என்றேன்.

“அப்ப அவ கேக்காம இருக்க வேண்டிக்குங்க.”

மறுநாள் டாக்டர் ஹால்வர்சன் கதவருகே நின்று அதே கேள்வியைக் கேட்டார். யார் சொன்னது? அம்மா, என்றேன். அவர் ஒருகணம் என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அராசெலியை நானே கூப்பிட்டேன். “நான் அன்னைக்குச் சொன்னதை மாத்திக்கறேன். உனக்கு டெஸ்ட் பண்ணணும். காரணம் இருக்கு. அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. நீ வேண்டாம்னா வேண்டாம்.” எந்த இளம்பெண்ணும் இதற்குச் சண்டை பிடிப்பாள். என் மகளாக இருந்தால் வக்கீலையே கூட்டி வந்திருப்பாள். அராசெலி “எப்ப வரணும்?” என்று மட்டும் கேட்டாள். வந்து கையை நீட்டினாள். ஊசி குத்தும்போதும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நெகட்டிவ் என்று வந்துவிட்டால் யாரும் எதையும் திறக்க வேண்டாம். சாமி கும்பிடுவதில் எனக்கு அவ்வளவு சிரத்தை கிடையாது. அந்த நாட்களில் கும்பிட்டேன், வெட்கமில்லாமல்.

பாசிட்டிவ் என்று வந்தது.

ரிசல்ட் சொல்லும் நாளில் மொழிபெயர்ப்பாளரை நான் போனில் கூப்பிடவில்லை. அந்த அறையில் இன்னொரு காது வேண்டாம் என்று தோன்றியது. அராசெலி தனியாகத்தான் வருவாள் என்று நம்பியிருந்தேன். தெரேசாவும் கூடவே வந்தார். இருவரும் உட்கார்ந்தார்கள். விதிப்படி முதல் வாக்கியத்திலேயே சொன்னேன், ஆங்கிலத்தில் ஒரு முறை, ஸ்பானிஷில் ஒரு முறை. ரொசாரியோவுக்கு இருந்த கோளாறு உனக்கும் இருக்கிறது.

அடுத்து வர வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு இல்லையே, எனக்கு மட்டும் எப்படி வந்தது? குழந்தைக்குக்கூடத் தோன்றும் கேள்வி. தெரேசா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை, மேஜையைப் பார்த்தேன். அங்கே என் பென்சில் கோடு இருந்தது. நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் பறந்துவிட்டன.

“ஓகே” என்றாள் அராசெலி. “அடுத்தது என்ன?”

நான் நிமிர்ந்தேன்.

“ஸ்கேன் பண்ணணுமா? எந்த வயசுலேர்ந்து?” என்று கேட்டாள், கடையில் சாமான் கேட்பதுபோல, நிதானமாக. சொன்னேன். இருபத்தைந்திலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, பிறகு மேமோகிராமும் சேரும், குழந்தைகள் பெற்று முடித்த பிறகு சினைப்பையை எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றையும் போனில் தட்டிக்கொண்டாள். அம்மாவுக்காக அவ்வப்போது ஸ்பானிஷில் திருப்பிச் சொன்னாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. தெரேசா கண்ணை மூடிக்கொண்டு உதடசைத்துக்கொண்டிருந்தார். தன் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

வெளியே பார்க்கிங் சீட்டுக்கு முத்திரை குத்தத் தெரேசா கவுன்டருக்குப் போனார். லிஃப்ட் பக்கம் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

“நீ என்னை ஒண்ணுமே கேக்கலியே” என்றேன்.

“கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும். இல்ல, உண்மையச் சொல்ல வேண்டியிருக்கும். ரெண்டுமே அம்மா முன்னாடி வேண்டாம்.” லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ரொசாரியோ எனக்குச் சொல்லிட்டாங்க. கீமோ நடந்தப்ப. அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க.”

எனக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. எனக்கு ஒண்ணும் இல்ல, வா போலாம், ஷிஃப்ட் இருக்கு. எல்லாம் தெரிந்துகொண்டேதான் சொல்லியிருக்கிறாள். நான் கொடுத்த தப்பான விடுதலையை வாங்கி வைத்துக்கொண்டு, அம்மா எதையும் சொல்ல நேருமுன் அவரை எழுப்பிக் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறாள். அம்மாவோ அதே நாற்காலியில் உட்கார்ந்து, வாரை முறுக்கிக்கொண்டு, தன் அடிமடியை அவிழ்க்காமல் இந்தப் பெண்ணைக் காப்பாற்ற வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அன்னைக்கு நான் விட்டிருந்தா நீ போயிருப்பியா?” என்று கேட்டேன்.

“போயிருப்பேன்” என்றாள். “அப்புறம் தனியா எங்கயாவது பண்ணிக்கலாம்னு நெனச்சேன். நெனச்சேன், அவ்வளவுதான். பண்ணியிருப்பேனான்னு தெரியல.” தெரேசா சீட்டை ஆட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். “உங்க பேப்பர்ல கோட்ட யார்கிட்டேர்ந்து வேணாலும் இழுத்துக்குங்க. வெளிய அவங்கதான் எங்கம்மா.”

மரத்தை நான் மாற்றி வரைந்தேன். டாக்டர் ஹால்வர்சன் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. தெரேசா மறைத்து வைத்திருப்பது அராசெலிக்குத் தெரியும். அராசெலிக்குத் தெரியும் என்பது தெரேசாவுக்கு இன்றுவரை தெரியாது. நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் ஸ்கேனுக்கு இருவரும் சேர்ந்தேதான் வந்தார்கள். எல்லா வருடமும் சுத்தமாக இருந்தது. இதை எழுதட்டுமா என்று போன வாரம் அராசெலியிடம் கேட்டேன். எந்த மொழியில் என்று கேட்டாள். தமிழ் என்றதும் சிரித்துவிட்டு, தாராளமா எழுதுங்க என்றாள்.

நிவேதா, உன் சாட்பாட் நல்ல சாட்பாட்தான். போன் எடுக்காதவர்கள், லீவு போட முடியாதவர்கள் பலருக்கு அது போய்ச்சேரும், சேரட்டும். ஆனால் அந்த முதல் கேள்வியை அராசெலியிடம் அது கேட்டிருந்தால் அவள் எதை அழுத்தியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் தெரேசா உட்கார்ந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உங்கள் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா?

இல்லை என்றுதான் அழுத்துவாள். அவளுடைய தாய் நன்றாக இருக்கிறார். ஸ்கேன் முடிந்து அவள் வெளியே வரும்வரை, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வெயிட்டிங் ரூமில் காத்திருக்கிறார்.